மூன்று புள்ளி வாங்கிய பாட்டு

நடுவர் அவர்களே, ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியால் போர்ச்சுகலுக்குப் பயன் உண்டா, இல்லையா என்ற வழக்கில், 'இல்லவே இல்லை' என்று எதிரணி நண்பர் ஒரு பட்டியல் வாசித்தார். முதன்முதலில் போனது 1964இல், வாங்கியது பூஜ்யம். முதல் வெற்றி கிடைத்தது 2017இல். 'நடுவில் 53 வருஷம் எதற்காகக் காசைக் கொட்டி ஆள் அனுப்பினார்கள்?' என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்தவர் மேடையைப் பார்க்கவில்லையே!

அந்த 1964ஐயே எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகனில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் மேடையேறி, 'பிராங்கோவையும் சலாசாரையும் புறக்கணியுங்கள்' என்று பதாகை பிடித்தார். பிராங்கோ ஸ்பெயினின் சர்வாதிகாரி, சலாசார் போர்ச்சுகலின் சர்வாதிகாரி. உள்ளூரில் சலாசாரை எதிர்த்து ஒரு வரி எழுதினாலும் தணிக்கையின் கத்திரி பாயும். அவர் பெயர் சந்தி சிரித்தது, நண்பர் வீண் என்கிற இந்த மேடையில்தான்.

சரி, 1974க்கு வருவோம். ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். பாவ்லோ டி கார்வால்யோ ஒரு பிரிவுப் பாட்டைப் பாடினார். கிடைத்தது 3 புள்ளி. கடைசி இடத்தை நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன, அதில் போர்ச்சுகலும் ஒன்று. ஜெயித்தது ஸ்வீடனின் அபா குழு. எதிரணிக்கு அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது!

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 24, இரவு 10.55. லிஸ்பன் வானொலி ஒன்றில் அதே பிரிவுப் பாட்டு ஒலிக்கிறது. கேட்கிறவர்களுக்கு அது வழக்கமான காதல் சோகம். ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கோ அது சமிக்ஞை: தயாராகுங்கள்! நள்ளிரவு தாண்டி வேறொரு வானொலியில் இரண்டாவது சமிக்ஞையாக, எதிர்ப்புப் பாடகர் ஜோசே அஃபோன்சோவின் பாட்டு வந்தது. படைகள் புறப்பட்டன. மறுநாள் பொழுது சாய்வதற்குள் 48 ஆண்டுச் சர்வாதிகாரம் சரிந்தது. சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள் மக்கள்.

ஏன் அந்தப் பாட்டு? முதலிலேயே புரட்சிப் பாட்டைப் போட்டால் உளவுத்துறை விழித்துக்கொள்ளும். யூரோவிஷனுக்குப் போய்த் தோற்றுவந்த பாட்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தோற்றதும் உதவியது ஐயா!

அப்புறம் 2017, கீவ் நகரம். ஆங்கிலத்தில் பாடினால்தான் கரைசேரலாம் என்று பாதி ஐரோப்பா நம்பிய காலம். சல்வடோர் சோப்ரால் இதய நோயாளி. ஒத்திகையில் அவருக்குப் பதிலாக, பாட்டை எழுதிய அக்கா லூயிசா நின்று பாட வேண்டியிருந்தது. இறுதிச் சுற்றில் வாணவேடிக்கை கிடையாது, ஆட்டக்காரர்கள் கிடையாது. தொளதொள கோட்டோடு தனியாக நின்று போர்ச்சுகீசிய மொழியில் பாடினார். நடுவர் குழுவிடமும் முதலிடம், மக்கள் வாக்கிலும் முதலிடம், மொத்தம் 758 புள்ளி. வென்றபின் அக்காவையும் மேடைக்கு அழைத்து இருவருமாகப் பாடினார்கள்.

வென்ற நாடு என்பதால் மறு வருஷம் லிஸ்பனில் போட்டியை நடத்தி, சொந்த ஊரிலேயே கடைசியாக வந்தார்கள் என்பதும் உண்மை. கல்யாண வீட்டுக்காரருக்குக் கடைசிப் பந்தி கிடைப்பது நமக்குப் புதிதா?

செலவுக் கணக்கு கேட்கிறார் நண்பர். தரலாம். அதற்குமுன் பிரைட்டனில் கிடைத்த அந்த 3 புள்ளிக்கு அவர் ஒரு விலை போடட்டும். அதுவரை நான் உட்கார்ந்திருக்கிறேன்.