தண்டவாளம் போன வழியில் மடங்களைத் தேடி

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்ஸ் நாட்டின் கிழக்குப் பக்கம் பர்கண்டி என்றொரு பகுதி இருக்கிறது. அதன் தெற்குக் கோடியில் க்ளூனி என்று ஒரு சின்ன ஊர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய தேவாலயங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான். இத்தனைக்கும் க்ளூனியில் பார்க்க வேண்டிய பெரிய கோயில் இப்போது முக்கால்வாசிக்கு மேல் இல்லை.

910ஆம் ஆண்டில் அக்கித்தேன் நாட்டுப் பிரபு வில்லியம் இந்த இடத்தை பெனடிக்ட் சபைத் துறவிகளுக்கு எழுதி வைத்தார். எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், போப்பாண்டவர் ஒருவருக்கு மட்டும் கட்டுப்பட்ட மடமாக அது இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தச் சுதந்திரத்தில் மடம் வளர்ந்தது. உச்சத்தில் இருந்தபோது ஐரோப்பா முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கள் க்ளூனி மடாதிபதியின் கீழ் இருந்தன. 1088இல் ஹ்யூ என்ற மடாதிபதி அந்த மடத்தின் மூன்றாவது கோயிலைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடித்தபோது அதன் நீளம் 187 மீட்டர். ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் கிடையாது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1798இல், அதை வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். அவர்கள் வாங்கியது கோயிலை அல்ல, கல்லை. பத்து இருபது வருஷம் வெட்டியும் வெடி வைத்தும் எடுத்தார்கள். கோயிலின் நடுவே தெரு போட்டார்கள். இன்று மேற்கு வாசலில் இருந்த இரண்டு கோபுரங்களின் அடிப்பாகம் மட்டும் மொட்டையாக நிற்கிறது. அங்கே நின்று கிழக்கே பாருங்கள். தெரு, வீடு, கூரை, அதையெல்லாம் தாண்டி வெகுதூரத்தில் எண்கோண வடிவில் ஒரே ஒரு கோபுரம் தெரியும். தீர்த்த மணிக்கோபுரம் என்று அதற்குப் பெயர். குறுக்கு மண்டபத்தின் தெற்குக் கையோடு அது தப்பிவிட்டது. வாசல் இங்கே, அந்தக் கோபுரம் அங்கே, இரண்டுக்கும் இடையில் உள்ள வெறும் வெளி அத்தனையும் ஒரே கோயிலாக இருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தத் தூரத்தை நடந்து பார்த்தேன். பாதி வழியில் மனசு கனத்துவிட்டது.

அங்கிருந்துதான் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இல்லாமல் போன கோயிலின் அளவு மனத்தில் பதிந்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் தப்பிப் பிழைத்த சின்னக் கோயில்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

க்ளூனியில் முன்பு ரயில் ஓடியது. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அந்த வழியையே தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டார்கள். பசுமைப் பாதை என்று பிரெஞ்சில் பெயர். க்ளூனியிலிருந்து வடக்கே ஜீவ்ரி வரை 44 கிலோமீட்டர், 1997இல் திறந்தார்கள். பிரான்ஸில் இந்த மாதிரிப் பாதைகளில் இதுதான் முன்னோடி. மோட்டார் வண்டி வராது. ரயிலுக்கென்று போட்ட வழி என்பதால் ஏற்றம் காலுக்கே தெரியாது. பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் பல இன்னும் நிற்கின்றன. குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், எழுபது வயதுக்காரர்கள் ஜோடியாக ஓட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்று. அந்தத் தார்ப்பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மாடு மேயும் பச்சை வெளியும் திராட்சைத் தோட்டமும் ஆசை தீரப் பார்க்கலாம், கோயில்களில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டுவிடுவீர்கள். ரயில்காரர்கள் சமதளத்தைத் தேடி க்ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கோடு போனார்கள். கோயில் கட்டியவர்கள் மேட்டைத் தேடினார்கள், மணிச்சத்தம் எட்ட வேண்டும் என்று. அதனால் இந்தப் பாதையை ஆறு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாலு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் என்று அடிக்கடி கரையேறத்தான் வேண்டும். அந்த ஏற்றத்துக்காகச் சைக்கிளில் கீழ் கியர் நன்றாகத் தாழ்வாக இருக்கட்டும். மூட்டை கட்டிய சைக்கிளோடு ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நான் போன வழியைச் சொல்கிறேன். க்ளூனியிலிருந்து வடக்கே போய், கிழக்கே திரும்பி மலைமேடு தாண்டி தூர்னூ, அங்கிருந்து சோன் ஆற்றங்கரையோடு தெற்கே மாக்கோன், பிறகு மேற்கே திரும்பி மறுபடி க்ளூனி. சுமார் 100 கிலோமீட்டர் சுற்று. பழகிய கால்கள் ஒரே நாளில் முடித்துவிடும். தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள். நாலு நாள் கொடுங்கள். மே, ஜூன், இல்லாவிட்டால் செப்டம்பர் நல்ல மாதங்கள். மாக்கோன் வரை உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

க்ளூனியிலிருந்து 10 கிலோமீட்டரில் தைஸே. பாதையை விட்டு மேலே ஏறினால் ஒரு பழைய கிராமம், 12ஆம் நூற்றாண்டுச் சிறு கோயில். அதற்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் உயிரோடு இருக்கும் ஒரு துறவிச் சமூகம். 1940இல் சுவிட்சர்லாந்திலிருந்து சகோதரர் ரோஜே இங்கே வந்தார். போர்க்காலத்தில் அகதிகளுக்கும் யூதர்களுக்கும் வீட்டில் இடம் கொடுத்தார். கத்தோலிக்கர், சீர்திருத்த சபையினர் என்ற பிரிவு பார்க்காமல் ஒன்றாக வாழும் சமூகம் ஒன்றை உண்டாக்கினார். 2005இல், மாலை ஜெபத்தின்போதே அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். ஜெபம் மட்டும் நிற்கவில்லை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை மணி அடிக்கிறது. கோடையில் ஐரோப்பாவின் எல்லா மூலையிலிருந்தும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். இரண்டு வரிப் பாட்டுத்தான், அதையே பல மொழியில் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பிறகு நீண்ட மௌனம். அத்தனை ஆயிரம் பேர் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் இருப்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அந்த மௌனம் காதில் விழுகிறது. எந்த மதத்தவரானாலும், மதமே இல்லாதவரானாலும், சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய் உட்காரலாம்.

தைஸே தாண்டியதும் கோர்மத்தான். அங்கே பசுமைப் பாதையை விட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். திரும்பிச் சில கிலோமீட்டரில் ஷாப்பேஸ் கிராமத்தின் மணிக்கோபுரம் வயலுக்கு மேலே தலைகாட்டும். 35 மீட்டர் உயரம், 11ஆம் நூற்றாண்டு. இத்தாலியின் லொம்பார்டிப் பக்கத்துக் கொத்தர்களின் பாணி. சுவரில் ஆழமில்லாத நெடும்பட்டைகள், மேலே வளைவு வளைவாகச் சின்ன வரிசை, வேறு அலங்காரம் கிடையாது. கிராமத்தில் விரல்விட்டு எண்ணும்படி வீடுகள். அதற்கு நடுவே இவ்வளவு பெரிய கோபுரம்.

எனக்கு அங்கேதான் பின்சக்கரம் பஞ்சரானது. மழை வேறு பிடித்துக்கொண்டது. கோயில் சுவரோரம் கூரையடியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ட்யூபை உருவி, ஓட்டையைத் தேடினேன். மழைச் சத்தத்தில் காற்று சீறுவது கேட்கவில்லை, கன்னத்தில் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. எதிர்வீட்டு மூதாட்டி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர், குடையோடு வந்து ஒரு வாளித் தண்ணீரை என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ட்யூபை முக்கினேன், வால்விலிருந்து ஒரு சாண் தள்ளிக் குமிழி வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டினோம். பேட்ச் ஒட்டி அழுத்திப் பிடித்திருந்தபோது அவர் கோயில் கதவைக் காட்டி, "அது பூட்டியில்லை, கனம்தான். தோளைக் கொடுத்துத் தள்ளுங்கள்" என்றார்.

தள்ளினேன். உள்ளே இருட்டு. கண் பழகப் பழகத் தூண்கள் தெரிந்தன. இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாத பருமன், உருண்டை, சின்னச் சின்னக் கல்லாக அடுக்கியது. லேசாகச் சாய்ந்தும் நிற்கின்றன. மரக்கூரை தீப்பிடித்துக்கொள்கிறது என்று கல்லில் வளைவுக்கூரை போடத் தொடங்கிய காலம் அது. கல்லின் பாரம் சுவரை வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் இந்தப் பருத்த தூணும், தடித்த சுவரும், கைக்குட்டை அளவு சன்னலும். ரோமனெஸ்க் பாணி என்று புத்தகத்தில் படித்திருந்தேன். தோள் வலியோடு, நனைந்த சட்டையோடு அந்தத் தூணில் கை வைத்து நின்றபோதுதான், அது எவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது.

காரில் வந்திருந்தால் ஷாப்பேஸுக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருப்பேன். கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இந்தக் கோயில்கள் எல்லாம் நடந்து வந்தவனுக்காகக் கட்டியவை. வெகுதூரத்திலேயே கோபுரம் கண்ணில் பட்டு, மறைந்து, வளைவில் மறுபடி தெரிந்து, கடைசியில் வந்து சேர்ந்தவன் களைத்துப்போய்க் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். இன்றைக்கு நம்மில் பலருக்கு நடக்க நாள் கிடையாது. சைக்கிள்தான் அந்த வேகத்துக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கிறது.

ஷாப்பேஸிலிருந்து பிரான்சியோன் ஏற்றம். இறங்கித் தள்ளினால் குறைவில்லை, நானும் தள்ளினேன். உச்சியில் மதில் சூழ்ந்த குக்கிராமம், கோட்டை, மலை விளிம்பில் 12ஆம் நூற்றாண்டுக் கோயில். கூரைக்கு ஓடு கிடையாது, பாளம் பாளமாகச் சுண்ணாம்புக்கல். கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் காலையிலிருந்து மிதித்து வந்த பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும்.

அங்கிருந்து தூர்னூவுக்குப் பெரும்பாலும் இறக்கம்தான், பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூர்னூவின் புனித ஃபிலிபேர் மடம் அகதிகள் கட்டியது. அட்லாண்டிக் கரையோரத் தீவொன்றில் இருந்த துறவிகள், வைக்கிங் கொள்ளையருக்குப் பயந்து, தங்கள் புனிதரின் எலும்புகளைச் சுமந்துகொண்டு இடம் இடமாக அலைந்து, 875இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். முகப்பைப் பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும், பயந்தவர்களின் கட்டடம் என்று சொல்லிவிடலாம். உள்ளே போனால் நேர்மாறு. இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட கல் தூண்கள் நெடுக உயர்ந்து நிற்கின்றன. கூரையை நீளவாக்கில் போடாமல் குறுக்கே குறுக்கே அரைவட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். ஒன்றன் தள்ளுதலை அடுத்தது தாங்கிக்கொள்வதால் பக்கச் சுவருக்குப் பாரம் குறைந்து, உயரத்தில் சன்னல் வைக்க முடிந்தது. ஷாப்பேஸின் இருட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வெளிச்சத்தின் மதிப்பு தெரியும்.

தூர்னூவிலிருந்து மாக்கோன் வரை ஆற்றங்கரை, சமதளம், சொல்ல அதிகமில்லை. இரண்டு விஷயம் மட்டும் மனத்தில் வையுங்கள். கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் நம்பவே முடியாது, ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத் தகாது என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

மாக்கோனிலிருந்து க்ளூனிக்குப் போகும் பசுமைப் பாதையில், மலை தொடங்குமிடத்தில், பெர்ஸே-லா-வீல் என்ற கிராமம். பாதையை விட்டு மூச்சு வாங்க மேலே ஏற வேண்டும். ஏறிப் பார்த்தால் ஒரு சின்ன வழிபாட்டுக்கூடம், துறவிகள் சிற்றாலயம் என்று பெயர். க்ளூனியின் பெரிய கோயிலைத் தொடங்கிய அதே மடாதிபதி ஹ்யூ கடைசிக் காலத்தில் ஓய்வெடுக்க வந்த இடம் இது. சுவரில் யாரோ எப்போதோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். 1887இல் அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

அரைவட்டச் சுவர் முழுக்க ஆழ்ந்த நீலம். நடுவே பிரம்மாண்டமாகக் கிறிஸ்து, சுற்றிலும் சீடர்கள். ஒரு கையால் ஆசி கொடுத்து, மறு கையால் பேதுருவிடம் சுருள் ஒன்றை நீட்டுகிறார். துணி மடிப்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், மயிரிழை போல. நான் போனபோது வேறு யாரும் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். க்ளூனியின் பெரிய கோயிலிலும் கிறிஸ்துவை இப்படி எழுதியிருந்தார்கள். அந்தச் சுவர் கல்லாக விலைபோய்விட்டது. அந்த ஓவியம் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இந்தச் சின்ன அறை மிஞ்சியிருக்கிறது, சுண்ணாம்பு அடித்தவர் புண்ணியத்தில்.

பிறகு சுரங்கம். பழைய ரயில் சுரங்கம்தான், 1.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்குவதால் மூடிவிடுவார்கள், அப்போது மலைமேல் சாலையில் ஏறிக் கடக்க வேண்டும். மற்ற மாதங்களில் சைக்கிள் விளக்கும் ஒரு ஸ்வெட்டரும் இருந்தால் போதும். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், கூரையிலிருந்து துளி விழும்.

சுரங்கம் விட்டால் க்ளூனி வரை கால் அசைக்கத் தேவையில்லாத இறக்கம். நான் ஊருக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தங்குமிடத்துக்குப் போகவில்லை, நேராக அந்த மொட்டைக் கோபுரங்களிடம் போய் நின்றேன். தெருவும் வீடுகளும் முதல்நாள் பார்த்தபடியேதான் இருந்தன. தூரத்துத் தீர்த்த மணிக்கோபுரத்துக்குப் பக்கத்தில், பலிபீடம் இருந்திருக்கக்கூடிய வெற்று இடத்தில், அந்த நீலச் சுவரை வைத்துப் பார்த்தேன். இந்தமுறை வைக்க முடிந்தது.

வணக்கம்.