கண்மாய்க்கு வந்தால்தான் மழை

(ஆடி மாதம், செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்பலார் அவர்களே, கண்மாய்ப் பாசனக்காரர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே, வணக்கம்.

"இந்த வருஷம் எவ்வளவு பெய்யும்?" என்று மேடை ஏறுவதற்குள்ளேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அது வானிலை மையத்துக்காரர்கள் பாடு. எவ்வளவு என்பதைவிட எப்போது பெய்கிறது, பெய்தது எங்கே போகிறது என்பதில்தான் நம் வெள்ளாமை நிற்கிறது என்பது என் கட்சி.

சிவகங்கைச் சீமையில் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். லண்டனில் 600-ஐ ஒட்டித்தான். அங்கே அது ஆண்டு முழுக்கத் தூறலாக விழுகிறது. வெயிலும் அதைக் குடித்துவிடுவதில்லை. நமக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடியோடு பெய்வது வெயில் கிளப்பும் மழை. ஒரு கண்மாய்க்குப் பெய்யும், பக்கத்துக் கண்மாய்க்குப் பெய்யாது. மண்ணோ செம்மண்ணும் சரளையும். தண்ணீரை நிறுத்தி வைக்காது.

இதை நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார்களிடம், 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் வந்து சேர்ந்தது. ரங்கூனில் நம்மைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் மழை. அந்த மழையைப் பார்த்தவர்கள் ஊருக்கு வந்து ஊருணி வெட்டினார்கள். கூரைத் தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்கி, தெரு வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படி கட்டினார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடித் தரையைப் படமெடுத்துப் போகிறார்கள். வடிகாலை யாரும் பார்ப்பதில்லை!

சரி, வயலுக்கு வருவோம். புழுதி விதைப்பு நம் சீமையின் தந்திரம். கோடை உழவு போட்டு, காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி, வானத்தைப் பார்த்து இருப்பது. புரட்டாசி மழையில் முளைத்து, புன்செய்ப் பயிர்போல வளர்ந்து, ஐப்பசியில் கண்மாய் பெருகியதும் நன்செய்ப் பயிராகிவிடும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் தேடி அலைய வேண்டாம். ஆனால் "பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி" என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, வம்பு அங்கேதான். ஒரு சின்ன மழை விதையைக் கிளப்பிவிடும். அடுத்த மழை இரண்டு வாரம் தள்ளினால் முளை கருகிவிடும். மழைமானிக் கணக்கில் அந்த மாதம் குறைவே இருக்காது, வயலில் மறுவிதைப்பு!

இதற்கு முழு மருந்து கிடையாது. விதையைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தலாம். ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ் உரம்) கரைசலில், அதாவது நூறு லிட்டருக்கு ஒரு கிலோ, விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்தி விதைப்பது. நாற்று கொஞ்ச நாள் வறட்சி தாங்கும். செலவும் பெரிதில்லை.

அடுத்தது, பூக்கும் காலம். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நெல் பதராகும் என்று இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நம் சம்பா பூப்பது மார்கழியை ஒட்டி. அப்போது நம் எதிரி பனியும் மூட்டமும். இலை விடிய விடிய நனைந்திருந்தால் குலைநோய்க்குக் கொண்டாட்டம். அந்த நேரம் பயிர் கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் நோய்க்கு விருந்து வைக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த ஊரிலும் இருக்கிறீர்கள்.

2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். 2021 ஜனவரியில் நேர்மாறு: அறுக்கிற நேரத்தில் அடைமழை, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்தது. கொள்முதலுக்கு நெல்லில் 17 சதவீத ஈரப்பதம்தான் இருக்கலாம் என்கிறார்கள். நனைந்த களத்தில் அதை எங்கே தேடுவது? பயிர்க் காப்பீடு இந்த இரண்டுக்கும்தான். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அன்றைக்குப் போய் அடங்கலுக்கு, அதாவது பயிர்ச் சான்றுக்கு, வரிசையில் நிற்காதீர்கள்.

இனி கண்மாய். கரையை உயர்த்துகிறோம், மடைக்குச் சிமெண்டு பூசுகிறோம், திறப்பு விழாவும் வைக்கிறோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யார் பார்த்தது? கருவேலமும் ஆக்கிரமிப்பும் போக, மேட்டில் தைலமரக் காடு. மரத்துக்கு ஈரம் நிற்கட்டும் என்று வரப்பு வெட்டியிருந்தால் அங்கே விழுகிற மழை கீழே இறங்காது. மேல் கண்மாய் நிரம்பி, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் நம் கண்மாய்க்குத் தண்ணீர். அதனால் இது ஓர் ஊர் வேலையில்லை; மேல் ஊர்க்காரர்களோடு உள்ள பழைய மனக்கசப்பை ஆவணிக்குள் பேசி முடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் கலுங்கிலிருந்து நம் கண்மாய்வரை வரத்துக்கால் முழுக்க நடக்கலாம் என்று அம்பலார் ஒப்புக்கொண்டிருக்கிறார். மண்வெட்டியோடு வாருங்கள்.

பந்தலுக்கு வெளியே வாளியும் பொட்டாஷும் எடுத்து வைத்திருக்கிறார்கள். விதை ஊறவைக்கும் பக்குவத்தை அங்கேயே செய்து காட்டுகிறேன். சந்தேகத்தையும் அங்கேயே கேளுங்கள்.