வாடகை உங்கள் கையில், வழக்கு வங்கியின் கையில்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவில் கட்டடம் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களும், அந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். வாடகைதாரர் பாக்கி வைத்தால் கட்டடக்காரர் வழக்குப் போடலாம், இதில் என்ன சந்தேகம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் கட்டடத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால், அந்த வழக்கைப் போடும் தகுதியே அவருக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

எப்படிப் போகிறது? கடன் கொடுக்கும் வங்கி அடமானப் பத்திரம் எழுதும்போது கட்டடத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. இந்தக் கட்டடத்திலிருந்து வரும் வாடகை உரிமைகளையும் கூடுதல் ஈடாக வங்கிக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒரு வரி இருக்கும். இப்படி உரிமையை மாற்றித் தருவதைச் செஷன் (cession) என்பார்கள். அந்த நாட்டுச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் வந்த முறை இது. இரு தரப்பும் சம்மதித்தாலே போதும், உரிமை கைமாறிவிடும். வாடகைதாரருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. விஷயம் தெரியாமல் அவர் பழையபடி கட்டடக்காரரிடமே நல்லெண்ணத்தோடு கட்டினால், அந்த வாடகைக் கடன் தீர்ந்ததுதான்.

கையெழுத்துப் போட்ட பிறகும் மாதாமாதம் வாடகை கட்டடக்காரர் கைக்குத்தான் வரும். தவணை ஒழுங்காகப் போகிறவரை வங்கி தலையிடாது. அதனால்தான் பலருக்கு அந்த வரி மறந்தே போகிறது. பணத்தை வாங்கிக்கொள்ள வங்கி விட்டுவைத்திருக்கிறது என்பது வேறு. நீதிமன்றத்தில் வாதியாக நிற்பது வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் ப்ளூம்ஃபோன்டீனில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. கட்டடம் தெக்வினி பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்துடையது. வாடகைக்கு எடுத்தது பிகார்டி ஹோட்டல்ஸ். கட்டடக்காரர் வாடகைப் பாக்கி கேட்டு வழக்குப் போட்டார். பாக்கி இருக்கிறதா, இல்லையா என்ற பேச்சுக்கே போகாமல், "வாடகை உரிமையை வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களே, நீங்கள் யார் கேட்பதற்கு?" என்ற ரீதியில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. கட்டடக்காரருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை.

கடனுக்கு ஈடாகத்தானே கொடுத்தேன், உரிமை அடிப்படையில் என்னுடையதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடகு வைத்த நகைக்குச் சொந்தக்காரர் வைத்தவர்தான், ஆனால் மீட்கும்வரை அதை அணிந்துகொள்ள முடியாதில்லையா? அந்த நாட்டு நீதிமன்றங்களும் இத்தகைய செஷனைப் பொதுவாக அடகு மாதிரிதான் பார்க்கின்றன. உரிமையின் மிச்சம் கட்டடக்காரரிடம் இருக்கும். வசூலித்து வழக்காடும் பலம் வங்கியிடம் இருக்கும். கடனை முழுதாக அடைத்துவிட்டால் உரிமை தானாகவே திரும்பி வரும் என்று 2009-ல் வெளியான குரோப்ளர், ஊஸ்ட்ஹெய்ஸன் வழக்கின் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அடகாக இல்லாமல் உரிமையை முழுதாகவே மாற்றிக் கொடுத்ததாகப் பத்திரம் பேசினால், வங்கி திருப்பி எழுதித் தந்தால்தான் உண்டு.

வாடகைதாரருக்கு இது எப்படித் தெரியவரும் என்று யோசிக்கிறீர்களா? அடமானப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் பதிவான பொது ஆவணம். நல்ல வக்கீல் முதலில் நகல் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். கட்டடக்காரரின் வக்கீலும் அதே நகலைச் சம்மன் அனுப்புமுன் எடுத்திருக்க வேண்டும். கட்டடக்காரர்களே, உங்கள் வக்கீலிடம் குத்தகைப் பத்திரத்தை மட்டும் கொடுக்காதீர்கள், அடமானப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

என்ன செய்யலாம்? வழக்குப் போடுமுன் வங்கியிடம் போய் அந்தப் பாக்கிக்கான உரிமையைத் திருப்பி எழுதி வாங்கலாம். அல்லது வங்கியையே வாதியாக நிறுத்தலாம். "முன்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். வழக்கு நடக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்குக் காலமும் எதிரி. 1969-ம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி சாதாரணக் கடன்களைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் அவகாசம். அந்தக் கணக்கை நிறுத்துவது கடன் யாருக்கு உரியதோ அவர் அனுப்பும் சம்மன். உரிமை இல்லாதவர் போட்ட வழக்கு தள்ளுபடியாகும்போது, பாக்கியே காலாவதியாகியிருக்கும் ஆபத்து உண்டு. வாடகை பாக்கி என்பது உண்மை, கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை என்பதும் உண்மை, ஆனாலும் ஒரு காசு வராது. இந்த அநியாயம்தான் என்னை இவ்வளவு பேச வைக்கிறது.

கட்டடக்காரர் திவாலானால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல நினைத்திருந்தேன். அது தனியாகப் பேச வேண்டியது, நேரமில்லை. காலி செய்யச் சொல்லும் உரிமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது சொத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் வருவது, வாடகைப் பணத்தைக் கேட்கும் உரிமையிலிருந்து வேறானது. வாடகையை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அது கூடவே போய்விடாது. குத்தகையின் எல்லா உரிமைகளையும் என்று எழுதியிருந்தால், வங்கியிடம் கேட்காமல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நன்றி, வணக்கம்.