பணம் பத்திரம், கதவு?

நேயர்களுக்கு வணக்கம்.

போனையோ கைக்கடிகாரத்தையோ கடை இயந்திரத்தின் அருகே காட்டிப் பணம் கட்டலாம் என்று சொன்னால் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கூட்ட நெரிசலில் எவனாவது பக்கத்தில் வந்து பணத்தை உருவிவிட மாட்டானா?" நியாயமான பயம். ஆனால் கேட்கிறவர் கழுத்திலேயே ஆபீஸ் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அந்தக் கார்டுக்குத்தான்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். இதில் வேலை செய்வது என்எஃப்சி என்ற குறுந்தூர ரேடியோ. அலைவரிசை 13.56 மெகாஹெர்ட்ஸ், எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான். 2014இல் வந்த 'ஆப்பிள் பே' என்ற ஐபோன் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் உண்மையான எண் போனில் தங்குவதே இல்லை. அதற்கு ஈடாக ஒரு மாற்று எண் வருகிறது; அது போனுக்குள் இருக்கும் தனிச் சிப் ஒன்றில் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும் குறியீடு ஒன்றை அந்தச் சிப் உண்டாக்கும். எவனாவது நடுவில் பிடித்தாலும் மறுபடி உதவாது. கடையில் முகமோ கைரேகையோ பாஸ்கோடோ இல்லாமல் பணம் போகாது. கடிகாரத்தில், கையில் கட்டியதும் ஒருமுறை பாஸ்கோட் போட்டால் போதும். கழற்றினால் தானே பூட்டிக்கொள்ளும்.

இந்த மாற்று எண்ணால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. லண்டன் சுரங்க ரயிலில் வங்கிக் கார்டையோ போனையோ வாயிலில் காட்டிவிட்டே போகலாம். ஆனால் ஏறும்போது போனையும் இறங்கும்போது கடிகாரத்தையும் காட்டினால் தொலைந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே கார்டுதான். ஆனால் மாற்று எண் வேறு வேறு என்பதால் வாயிலுக்கு நீங்கள் இரண்டு ஆள். இரண்டு பேரும் பயணத்தைப் பாதியில் விட்டதாகக் கணக்கு வைத்துக் கூடுதல் கட்டணம் பிடித்துவிடும்.

ஓட்டையே இல்லையா? உண்டு. ரயில் வாயிலில் நின்று முகம் காட்ட நேரமில்லை. ஜப்பானில் 2001இல் வந்த சுய்கா என்ற ரயில் பயணக் கார்டு, கணக்கு மொத்தத்தையும் 0.2 வினாடியில் முடிக்கும்படி செய்யப்பட்டது. அந்த வேகத்துக்காக, ரயில் வாயிலில் மட்டும் போன் பூட்டியபடியே பணம் கட்டும் வசதி வந்தது. 2021இல் பர்மிங்ஹாம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த வசதியில் வீசா கார்டு வைத்திருந்த ஐபோனை ஏமாற்றி, பூட்டிய நிலையிலேயே 1000 பவுண்டு எடுத்துக் காட்டினார்கள். ரயிலே ஏறாதவருக்கு அந்த வசதி எதற்கு? அணைத்து வைத்துவிடலாம்.

சரி, கதவுக்கு வருவோம். பல அலுவலகங்களில் இன்னமும் இருப்பது 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் பழைய வகைக் கார்டு. வாசலில் யார் வந்து கேட்டாலும் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடும் குழந்தை மாதிரி அது. கார்டைப் படிக்கும் கருவியான ரீடர் எது அருகே வந்தாலும் தன் எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும். மலிவான கருவி ஒன்று இருந்தால் அந்த எண்ணை வெற்றுக் கார்டில் எழுதிவிடலாம். கதவுக்கு வித்தியாசம் தெரியாது.

13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் அடுத்த தலைமுறைக் கார்டுகளிலும் கதை இருக்கிறது. மைஃபேர் கிளாசிக் என்ற சிப், உலகெங்கும் ரயில் டிக்கெட்டிலும் அலுவலகக் கதவிலும் இருந்தது. 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் அதன் ரகசியக் குறியாக்கத்தை உடைத்தார்கள். ஆய்வை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் நீதிமன்றம் போனது; நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. லண்டனின் பயணக் கார்டான ஆய்ஸ்டரிலும் அதே சிப்தான் இருந்தது. பிறகு வேறு சிப்புக்கு மாறினார்கள். ரயில் நிறுவனத்துக்குப் பணம் நஷ்டமாகும் என்ற பயம் இருந்தது, மாற்றினார்கள். அலுவலகத்தில் கார்டு நகலானால் உடனே யாருக்கும் ரூபாய் நஷ்டம் தெரியாது. அதனால்தான் கதவு பழையதாகவே கிடக்கிறது.

போனையே சாவியாக்கினால் இது நிறையவே சரியாகும். அமெரிக்காவில் 2018 முதல் சில பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் விடுதிக் கதவை ஐபோனாலும் கடிகாரத்தாலும் திறக்கிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை இருந்த இடத்திலிருந்தே ரத்து செய்யலாம். இன்னொன்று, "மச்சி, எனக்கும் சேர்த்து பன்ச் பண்ணிடு" என்று கார்டைக் கொடுப்பதுபோல் போனை யாரும் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். சார்ஜ் தீர்ந்தால்? சில ஐபோன்களில் அதன் பிறகும் சில மணி நேரம் வரை இத்தகைய சாவிகள் வேலை செய்யும். உண்மையான தடை செலவு. ஒவ்வொரு கதவிலும் ரீடரை மாற்ற வேண்டும்.

நம் ஊரில் பணத்துக்குக் காகிதத்தில் அச்சடித்த க்யூஆர் முந்திக்கொண்டது. பெட்டிக்கடைக்காரர் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, அவர் செய்ததே சரி. ஆனால் கதவுக்குக் கார்டுதான். உங்கள் கார்டு எந்த வகை என்று அறிய ஒரு சின்னச் சோதனை: என்எஃப்சி உள்ள ஆண்ட்ராய்டு போனின் முதுகில் அதை வைத்துப் பாருங்கள். போன் அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் அது பழைய 125 வகை. ஒலி எழுப்பினால் 13.56 வகை, அதிலும் மைஃபேர் கிளாசிக் இருக்கலாம். அப்புறம், அலுவலக நிர்வாகப் பிரிவிடம் எந்தச் சிப், எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

வணக்கம்.