தண்ணீருக்கு அடியில் "கண்டுபிடித்த" கோயிலும் என் ஃபிளாஸ்க் வாஷரும்

வணக்கம் மக்களே. கோடநாடு காட்சிமுனையில் இருந்து பேசுகிறேன். காற்று கன்னாபின்னாவென்று அடிக்கிறது. மைக்குக்கு அந்த முடி வைத்த தொப்பியை மாட்டிவிட்டேன், அப்படியும் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கேரட் மண்டி வீடியோவின் இரண்டாம் பாகம் வர வேண்டியது. அது அடுத்த வாரம். ஏனென்றால் எனக்கு வயிற்றெரிச்சல்.

காரணம் ஒரு ரீல். உங்களில் பாதிப் பேர் அதை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "நீலகிரிக்கு அடியில் 5,000 ஆண்டு மர்மக் கோயில், விஞ்ஞானிகள் அதிர்ச்சி!" பின்னணியில் அந்தத் தடதடவென்ற மேளம். படம் கம்ப்யூட்டர் வரைந்தது. வடநாட்டுக் கோபுரம், சுற்றிலும் தென்னைமரம், மேலே மின்னல். ஐயா, அது மர்மமும் இல்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. அது டணாயக்கன்கோட்டை ஊரின் பழைய கோயில். பவானிசாகர் அணைக்குள் இருக்கிறது. நம் கோத்தகிரியில் வயதான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். கீழே பாம்பு மாதிரி வளைந்து போகிறதே, அது மாயாறு. அந்தப் பச்சைத் திட்டு தெங்குமரஹாடா கிராமம். வலது பக்கம் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதா? அதுதான் பவானிசாகரின் தண்ணீர். சுற்றியுள்ள பழுப்பு நிறம் முழுவதும் தண்ணீர் இறங்கிய தரை. நல்ல மழை வருஷத்தில் அந்த இடமெல்லாம் பளபளவென்று இருக்கும்.

கோயிலை இங்கிருந்தே காட்டிவிடலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு கடையில் 600 எம்எம் லென்ஸ் வாடகைக்கு எடுத்தேன். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். முன்பணம் தனி. அதோடு ஆதார் அட்டை நகல், இன்னொருவரின் போன் எண், கையெழுத்து. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. பையைத் திறந்தால் லென்ஸின் முன்மூடி இல்லை. "மூடி இல்லாமல்தான் போகிறது மேடம்" என்கிறார். 1,500 ரூபாய்க்கு ஒரு மூடி கிடையாதா? இப்போது அதன் மேல் என் பனிக்குல்லாயைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சரி, இவ்வளவு பாடுபட்டு எடுத்து வந்து பார்த்தால், கோடைப் புகைமூட்டம். கோயிலும் தெரியவில்லை, கோட்டையும் தெரியவில்லை. நீங்கள் பார்ப்பது 1,500 ரூபாய் பெறுமான வெள்ளைப் புகை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பவானிசாகர் அணை வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு ஆரம்பித்த வேலை. மண் அணை, எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 105 அடி வரை தண்ணீர் நிற்கும், கொள்ளளவு 32.8 டிஎம்சி. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஈரோட்டு மஞ்சள், நெல் என்று நாம் வாங்கிச் சாப்பிடுவதில் அந்தத் தண்ணீர் இருக்கிறது. அதனால் அணையே கூடாது என்று நான் பேச வரவில்லை. கமெண்டில் ஆரம்பித்துவிடாதீர்கள்.

அணை கட்டியபோது டணாயக்கன்கோட்டையும் அக்கம்பக்கத்து ஊர்களும் உள்ளே போயின. ஊர் மக்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். கோயில் சிலைகளையும் பவானிசாகர் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். கல் மண்டபமும் தூண்களும் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. மாதவப் பெருமாள் கோயில் அது. அணையில் தண்ணீர் பாதிக்கும் கீழே போனால் மெல்ல வெளியே வரும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்களே, அப்போதும் பேப்பரில் படம் வந்தது. இப்படித்தான் வறட்சிக்கு வறட்சி அது "கண்டுபிடிக்கப்படுகிறது".

5,000 ஆண்டா? அதையும் பார்ப்போம். கோட்டை, கர்நாடகத்திலிருந்து ஆண்ட போசளர்களின் படைத்தலைவர்களான தண்டநாயக்கர்களுடையது. மாதவ தண்டநாயக்கன், போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்து ஆள். ஆக, சுமார் 700 ஆண்டு. 700 ஆண்டு போதாதா உங்களுக்கு? நீலகிரியை அடக்கியவன் என்று அந்தத் தண்டநாயக்கர்கள் பட்டமே வைத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை மிரட்டி நீலமலையைப் பிடித்தான் என்று அதில் வருகிறது. கீழே கோட்டை, மேலே மலை. மலைக்கு வாசல்படி அந்த இடம்தான். கோத்தகிரிக்கு ஏறும் பழைய பாதைகளில் ஒன்று அந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் பக்கத்துச் சிறுமுகையில் இருந்து கிளம்பித்தான் கோத்தகிரி பக்கத்துத் திம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். கன்னேரிமுக்கு பங்களா வீடியோவில் இதைச் சொல்லியிருக்கிறேன், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு நிமிஷம், தொண்டை காய்கிறது. டீ.

ஆங், இதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் பச்சை ஃபிளாஸ்க் திரும்பி வந்துவிட்டது! போன மாதம் மூடி ஒழுகிப் பை நனைந்தது உங்களுக்கே தெரியும். தூக்கிப் போடு, புதுசு வாங்கு என்று எத்தனை பேர் எழுதினீர்கள். வீட்டிலும் அதே பாட்டு. நான் கேட்கவில்லை. கோத்தகிரி மார்க்கெட்டில் குக்கர் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர், மூடியை இப்படித் திருப்பிப் பார்த்தார், பெட்டியில் கையை விட்டுத் துழாவினார், ஒரு ரப்பர் வாஷரை எடுத்து அமுக்கினார். 15 ரூபாய். தலைகீழாகக் கவிழ்க்கிறேன் பாருங்கள். ஒரு சொட்டு? ஒரு சொட்டு விழுந்ததா? 1,500 ரூபாய் லென்ஸுக்கு மூடி இல்லை, 15 ரூபாயில் என் ஃபிளாஸ்க் மூடி பிழைத்துவிட்டது. இஞ்சி கொஞ்சம் தூக்கல், அது என் கைப்பக்குவம்.

எங்கே விட்டேன்? கோட்டை. நேரில் போய்க் காட்டுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு: போக மாட்டேன். நீங்களும் போகாதீர்கள். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நீர்த்தேக்கப் பகுதி. கோடையில் யானைகள் தண்ணீருக்கு அங்கேதான் வரும். தண்ணீரில் முதலை உண்டு. மேலே காய்ந்த மாதிரி தெரியும் வண்டல் உள்ளே சேறு, கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். ரீலுக்காக அங்கே பைக்கில் போகிறேன் என்று எழுதிய தம்பி, வேண்டாம்ப்பா.

உண்மையில் என் எரிச்சல் அந்த ரீல்காரர் மேல் மட்டும் இல்லை. அவர் சொன்ன "நீலகிரிக்கு அடியில்" என்பதைக் கேட்டதும் எனக்கு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. கோயில் இருப்பது ஈரோடு மாவட்டத்தில். அதை மூழ்கடித்த தண்ணீர் நம்முடையது. பைக்காரா ஆறு இறங்கி மாயாறாகிப் போய்ச் சேர்கிறது. இந்தப் பக்கம் மேல்பவானி, அவலாஞ்சி, குந்தா எல்லாம் சுற்றி மின்சாரம் எடுத்த தண்ணீர், பில்லூர், மேட்டுப்பாளையம் வழியாக அதே அணைக்குத்தான் போகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க நம் மலையிலும் எத்தனை அணை! சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் வந்தது. முக்கூர்த்தி அணை 1938. அப்புறம் கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்திட்டம், 1950-களில் தொடங்கி அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று வரிசையாக.

அங்கே உள்ளே போனது என்ன? சோலையும் புல்வெளியும். தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடங்கள், அவர்களுடைய ஊர்களான மந்துகள். தோடர் வீட்டைப் பார்த்திருப்பீர்கள், அரைவட்டமாக வளைத்த கூரை, மூங்கில், பிரம்பு, மேலே புல். அவர்கள் கோயிலையும் பெரும்பாலும் அப்படித்தான் கட்டுவார்கள். பால் கறந்து மோர் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில். அது தண்ணீருக்குள் போனால் எத்தனை வறட்சி வந்தாலும் தூண் தெரியாது, மண்டபம் தெரியாது. தண்ணீர் இறங்கினால் செம்மண் கரைதான். ரீல் எடுக்க எதுவும் இருக்காது. நாமும் அந்தக் கரையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, பைக்காராவில் படகுச் சவாரிக்கு வரிசையில் நிற்கிறோம். கல்லில் கட்டியவன் ஊர் மட்டும்தான் மூழ்கிய ஊர் என்று கணக்காகிவிட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை.

ஐயோ, தெங்குமரஹாடாவைப் பற்றி முதலிலேயே சொல்ல நினைத்தேன். அந்தப் பச்சைத் திட்டு நீலகிரி மாவட்டம்தான், நம் கோத்தகிரி தாலுகா. ஆனால் மலையிலிருந்து நேர் ரோடு கிடையாது. கீழே இறங்கி, பவானிசாகர் சுற்றி, காட்டுக்குள் போய், மாயாற்றைப் பரிசலில் தாண்ட வேண்டும். அங்கே இப்போது சுமார் 500 குடும்பங்களை, குடும்பத்துக்கு 15 லட்சம் கொடுத்து வெளியேற்றும் பேச்சு நடக்கிறது. இது அணைக்காக இல்லை, புலிக்காக. உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். அந்த ஊர்ப் பரிசல்காரர்களிடம் தனியாகப் பேச வேண்டும், அதற்கு ஒரு முழு வீடியோவே தேவை.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தாத்தா, பாட்டி யாராவது குந்தா அணை வேலைக்கு வந்தவர்களா? மேல்பவானி, எமரால்டு பக்கம் அணைக்கு முன்னால் எடுத்த போட்டோ ஏதாவது வீட்டில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா? அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, என் இன்றைய வீடியோவை விடத் தெளிவாகத்தான் இருக்கும். தோடர் நண்பர்கள் பார்த்தால், எந்த அணைக்குள் உங்கள் எந்த மந்து போனது என்று பெயரோடு எழுதுங்கள், நான் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

மணி நாலாகப் போகிறது. லென்ஸை நாளைக் காலை பத்து மணிக்குள் கோயம்புத்தூரில் கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை. நான் கிளம்புகிறேன், டாட்டா.