வீடு புகுந்தால் அது கொள்ளையா, களவா?

திருச்செந்தூர் போய்விட்டு ராத்திரி வீடு திரும்புகிறீர்கள். முன்வாசல் பூட்டு பூட்டினபடி இருக்கிறது. உள்ளே போனால் பீரோ திறந்து கிடக்கிறது. புறவாசலில் நாதாங்கி பெயர்ந்து தொங்குகிறது. மறுநாள் பேப்பரில், ‘பாளையங்கோட்டையில் பூட்டிய வீட்டில் கொள்ளை’.

கொள்ளையா அது? சட்டப்படி, ஆளை அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால்தான் கொள்ளை. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. ஆளே இல்லாத வீட்டில் யாரை மிரட்ட? நம்ம ஆச்சிமார் ‘களவாணிப் பய’ என்று திட்டுவதுதான் சரி.

போலீஸ் கணக்கில் இதற்குப் பெயர் கன்னக்களவு. முகத்துக் கன்னம் இல்லை, சுவரில் குடைகிற ஓட்டை. (திரையில்: மண்சுவர், முடுக்கு) முடுக்கு தெரியும்தானே? இரண்டு வீட்டுக்கு நடுவே, ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அங்கே இருட்டில் குந்தி, கன்னக்கோலால் மண்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, உடம்பு நுழைகிற அளவுக்கு வழி பண்ணுவான். அதுதான் கன்னம் வைப்பது. இப்போது சிமெண்ட் சுவர், கையில் கடப்பாரை. சொல் மட்டும் ரிக்கார்டில் தங்கிவிட்டது.

சட்டம் இன்னும் அகலமாகப் பார்க்கிறது. 1860-ஆம் வருஷத் தண்டனைச் சட்டத்தில் 445-ஆவது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தில் 330. சுவரேறிக் குதித்தாலும் ஜன்னல் வழியே புகுந்தாலும் வீட்டை உடைத்து நுழைந்ததாகவே கணக்கு. பழைய சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: நீங்கள் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுத்து, அதே சாவியால் திறந்து அத்துமீறி நுழைகிறான். எதுவும் உடையவில்லை. ஆனாலும் உடைத்து நுழைந்ததுதான்! சுவரில் ஓட்டை போட்டுக் கையை மட்டும் உள்ளே விட்டாலும் அப்படியே.

அப்புறம், நேரம். சட்டத்துக்கு இரவு என்பது சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும் வரை. தண்டனையும் பகலைவிடக் கூடுதல். அதனால் புகாரில் வீட்டைப் பூட்டிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதுங்கள். ‘கொள்ளை போய்விட்டது’ என்பதோடு நிறுத்தாமல் இப்படி எழுதலாம்: ‘புறவாசல் நாதாங்கியைப் பெயர்த்து உள்ளே நுழைந்து, பீரோவிலிருந்த நகைகளைத் திருடிச் சென்றுள்ளனர். முன்வாசல் பூட்டு உடைக்கப்படவில்லை.’