மான் வேட்டைப் பரணை எவ்வளவு உயரத்தில் கட்டலாம்?

அடுத்த கேள்வி. "அமெரிக்காவில் இருக்கிறேன், வேட்டை உரிமம் எடுத்துவிட்டேன். வெள்ளைவால் மானுக்காக நானே ஒரு பரண் கட்டப் போகிறேன். உயரம் கூடினால் மானுக்கு நம் வாடை எட்டாது என்கிறார்கள். 20 அடியில் கட்டட்டுமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். துப்பாக்கி வேட்டை என்றால் தரைப்பலகை 10 அடியில் இருந்தாலே தாராளம்.

உயரத்தால் என்ன லாபம்? புதருக்கு மேலாகப் பார்வை போகும். நம் அசைவு மானின் கண்மட்டத்தில் இருக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம், குண்டு கீழ்நோக்கிப் போய் மண்ணில் இறங்கும். ஆனால் வாடையை உயரம் மறைக்காது, அது காற்று போகும் பக்கம் போகும். காலையில் வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று சரிவில் மேல்நோக்கி எழும்பும். சாயங்காலம் தரை குளிர்ந்ததும் அதே காற்று பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் மாதிரி வழிந்து இறங்கும். ஓடைப் பக்கமிருந்து மான் வரும் என்று மேட்டில் பரண் போட்டு மாலையில் உட்கார்ந்தால், நீங்கள் எத்தனை அடி உயரத்தில் இருந்தாலும் உங்கள் வாடை ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மான் தலையைத் தூக்கும், முன்னங்காலால் தரையைத் தட்டும், ஒரு சீறல், அப்புறம் வெள்ளை வால் மட்டும்தான் தெரியும்.

அதனால் பரண் கால்களுக்குக் குழி தோண்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நின்று, கொஞ்சம் முகப்பவுடரைத் தட்டிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மான் வரும் பக்கத்திலிருந்து உங்களை நோக்கிக் காற்று வர வேண்டும். நீங்கள் பரணுக்கு நடந்து போகும் வழியும் மான் தடத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது. காற்று மாறிய நாளில் அந்தப் பரணுக்குப் போகாதீர்கள்.

உயரம் கூடினால் இன்னொரு சங்கடம் இருக்கிறது, அது எனக்கு ரொம்ப முக்கியம். 10 அடிப் பரணில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் ஏறக்குறைய 14 அடியில் இருக்கும். 30 அடி தள்ளி நிற்கும் மானைச் சுமார் 20 டிகிரி சரிவில் பார்ப்பீர்கள். பரணை 20 அடிக்கு ஏற்றினால் அதுவே 35 டிகிரி. அவ்வளவு செங்குத்தாக இறங்கும் குண்டோ அம்போ ஒரு நுரையீரலில் மட்டும் பாய்ந்து போக வாய்ப்பு அதிகம். அப்படிக் காயப்பட்ட மான் வெகுதூரம் ஓடும், நாம் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் துடித்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

சரி, கட்டும் முறைக்கு வருகிறேன். கால்களை நேராக நிறுத்தாதீர்கள், விரித்து வையுங்கள். மேலே 5 அடிச் சதுரம் என்றால் கீழே 8 அடியாவது அகலம் வேண்டும். மூடிய பெட்டிப் பரண் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. நாலு பக்கமும் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம் கொடுத்து, ஒவ்வொரு காலையும் முளையடித்துக் கம்பிவடத்தால் இழுத்துக் கட்டுங்கள். மண்ணைத் தொடும் மரம், உளுத்துப் போகாமலிருக்க மருந்து ஏற்றிய மரமாக இருக்கட்டும். அந்த மருந்தில் உள்ள செம்பு சாதா இரும்பை அரித்துவிடும், அதனால் போல்ட், வாஷர் எல்லாமே கால்வனைஸ் செய்ததாக, அதாவது துத்தநாகம் பூசியதாக வாங்குங்கள். பாரம் தாங்கும் இடத்தில் வெறும் ஆணியை நம்பாதீர்கள். ஆணி அடித்த ஏணிப்படி ஒன்று என் காலடியில் கழன்று வந்திருக்கிறது. நல்லவேளை, அது தரையிலிருந்து மூன்றாவது படி.

ஜன்னல் உயரத்தை ஏட்டில் பார்த்து வைக்காதீர்கள். நீங்கள் உட்காரப் போகும் அதே நாற்காலியைப் போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்து அளவெடுங்கள். உள்ளே கறுப்பு அடியுங்கள். முதுகுப் பக்கத்து ஜன்னலை மூடியே வையுங்கள், இல்லையென்றால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் உங்கள் உருவம் அப்படியே தெரியும். தரைக்குப் பழைய கம்பளம், கீல்களுக்குக் கொஞ்சம் மெழுகு. விடியலின் அமைதியில் ஒரு கீல் கிறீச்சிட்டால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையை, மானுக்குத் தெரியுமே என்று கழற்றிவிடாதீர்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல்தான், நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஜீன்ஸை வீட்டில் விடுங்கள்.

ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்குத்தான். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, தோளிலும் மாட்டக் கூடாது. கீழே வைத்துவிட்டு ஏறி, உட்கார்ந்த பிறகு குழாய் முனை கீழே பார்த்தபடி கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். சுவரில்லாத திறந்த பரண் என்றால் தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே உடம்பில் பாதுகாப்பு வார் பூட்டியிருக்க வேண்டும்.

வேட்டைக்காலம் தொடங்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பரணை நிறுத்திவிடுங்கள், மான்கள் அதைப் பார்த்துப் பழகட்டும். கால்கள் நின்றதும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் நண்பரே, விரிப்பு போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.